வெள்ளை விழுந்த இடம்

பிப்ரவரி 3, திங்கள்

எஸ்.ஐ. அம்மா சொன்னதால் எழுதுகிறேன். "யார்கிட்ட கேட்டீங்க, எங்க தேடுனீங்க, எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க. பின்னாடி கேப்போம்" என்றார். பெயின்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது.

விவரம் இதுதான். கனகவேல், வயது நாற்பத்தாறு, என் தம்பி. கல்யாணம் ஆகவில்லை. கோவில்பட்டியில் என் ஃப்ளெக்ஸ் கடையில் பேனருக்குச் சட்டம் அடிப்பது அவன் வேலை. நேற்று என் மகள் நிவேதாவுக்கு நிச்சயதார்த்தம். மண்டபத்து வாசலில் குடும்ப பேனரைக் கட்டியது அவன்தான். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. பந்திக்கு வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. பட்டன் ஃபோனைச் சுத்தியலோடு டூல்ஸ் பையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"கட்டி முடிச்சிட்டு ரொம்ப நேரம் பேனரையே பாத்துக்கிட்டு நின்னாரு" என்று வேன் டிரைவர் மாடசாமி சொன்னான். கட்டியவன் கோணல் இருக்கிறதா என்று பார்க்கத்தானே செய்வான்.

வீட்டில் சண்டை ஏதாவது உண்டா என்று எஸ்.ஐ. கேட்டார். இல்லை என்றேன். சண்டை இல்லைதான். ராஜபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரும்போது முன்னால் நிற்க வேண்டாம், சமையல்கட்டுப் பக்கம் பார்த்துக்கொள் என்று என் மனைவி ராசகனி அவனிடம் சொல்லியிருந்தாள். விசேஷ வீட்டில் ஆளுக்கொரு வேலை. அதைச் சண்டை என்று சொல்ல முடியாது.

அங்க அடையாளம் கேட்டபோது ராசகனி முந்திக்கொண்டு முழங்கைத் தழும்பைச் சொன்னாள். சட்டம் அடிக்கும்போது ஆணி கிழித்தது. நானும் ஆமாம் என்றேன்.

கடையிலும் நேரம் சரியில்லை. மெஷினில் இங்க் தெளிக்கிற ஹெட் அடைத்துக்கொண்டு, அடிக்கிற பேனரிலெல்லாம் வெள்ளை விழுகிறது. இங்க் இறங்காமல் விட்டுப்போகிற இடத்தை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். ஹெட்டைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பியிருக்கிறேன். டிசைனர் பொன்மொழி பிரசவத்துக்கு சங்கரன்கோவில் போயிருக்கிறாள். போஸ்டரை நானேதான் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு போய்விட்டது.

மைதாப் பசை காய்ச்சிச் சுவரில் போஸ்டர் ஒட்டி மேலே வந்தவன் நான். எந்தச் சுவரில் எந்த எழுத்து நிற்கும் என்பது எனக்குத் தெரியும். போகிற போக்கில் ஒருவன் போஸ்டரைப் பார்ப்பது கண் சிமிட்டுகிற நேரம். அதற்குள் முகம் பிடிபட வேண்டும், ஃபோன் நம்பர் பிடிபட வேண்டும். மற்றதெல்லாம் அலங்காரம்.

நல்ல படம் ஒன்றுதான் இருக்கிறது. நிச்சயதார்த்த பேனருக்காகப் பொன்மொழி கெஞ்சி உட்காரவைத்து எடுத்தது. அந்த கேமரா கார்டை அழித்து அதற்குப் பிறகு வேறு கல்யாணங்கள் எடுத்தாயிற்று. ஆதாரில் இருப்பது பழைய படம், கரி பூசின மாதிரி இருக்கும். ஆகவே பேனர் ஃபைலைத் திறந்தேன். பொன்மொழிக்கு ஃபோன் போட்டேன்.

"அண்ணாச்சி, கனகு அண்ணன் முகத்துக்கு மேல தனியா ஒரு லேயர் வச்சிருக்கேன். ஓரத்துல கண்ணு மாதிரி படம் இருக்கும் பாருங்க. அத அமுக்குங்க."

அமுக்கினேன். அந்தக் கண் மூடியது. தம்பியின் முகம் வந்தது.

வலது வாயோரத்திலும் இடது இமையிலும் வெள்ளை. நாலைந்து வருஷமாக இருக்கிறது. வலிக்காது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சொல்வதில்லை. 'அது' என்போம். அது வந்த பிறகு அவன் துண்டால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவான். பேனருக்காக அதைத் துடைத்துவிடச் சொன்னது ராசகனி. சொல்லாவிட்டாலும் பொன்மொழி துடைத்திருப்பாள். எங்கள் கடைக்கு வருகிற எந்த முகமும் துடைக்காமல் வெளியே போவதில்லை.

ராசகனி எப்போது பின்னால் வந்து நின்றாளோ தெரியாது. "அந்தக் கண்ணத் தொறங்க" என்றாள்.

திறந்தேன். வெள்ளை போனது.

"இப்படியே போடுங்க."

"தேடுறதுக்குப் போடுற போஸ்டர், ராசகனி."

"ராஜபாளையத்துலயும்தான ஒட்டுவீங்க? சம்பந்தி வீட்டு எதுத்தாப்புலயே ஒட்டிட்டு வாங்க. எங்க குடும்பத்துல வெள்ளை இருக்கு, பொண்ணு எடுக்கிறவங்க பாத்து எடுங்கன்னு. நம்பர் வேற போட்டிருக்கீங்க, வசதி."

"கத்தாத."

"நான் ஏன் கத்துறேன்? மூக்கும் முழியும் அவருதான? தெரிஞ்சவனுக்குத் தெரியாமலா போகும்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கண்ணை மூடினேன், திறந்தேன். இன்னும் இரண்டு மூன்று தடவை. கடைசியில் திறந்தபடியே வைத்து, லேயரையெல்லாம் ஒன்றாக ஒட்டி, அதே ஃபைலின் மேலேயே சேவ் கொடுத்தேன். அடையாளம் என்ற இடத்தில் நீலக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை என்று அடித்தேன்.

பிறகு எழுத்து வேலை. பொன்மொழி ஒரு காரியம் செய்வாள். எதையாவது மாற்றிவிட்டு கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து டக்டக்கென்று தட்டுவாள். முன்னால் எப்படி, பின்னால் எப்படி என்று படம் மாறி மாறி வரும். பார்த்துப் பழகியதால் நானும் தட்டினேன். மாறி வரவில்லை. பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. நம்பர் போனது, கட்டம் போனது, நான் அடித்த எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. பதறிப்போய் மவுஸில் கை பட்டு முகத்தின் மேல் ஒரு புள்ளி விழுந்தது. மறுபடி பொன்மொழிக்கு ஃபோன் போட்டேன்.

"புது வெர்ஷன் அண்ணாச்சி. பழசுலதான் ஒரே கீ முன்னயும் பின்னயும் போகும். இதுல பின்னாடிதான் போகும். முன்னாடி வர ஷிஃப்ட்டும் சேத்து அமுக்கணும்."

"அமுக்குறேன், வரமாட்டேங்குது."

"நடுவுல எதையாச்சும் தொட்டீங்களா?"

"ஒரு புள்ளி விழுந்துச்சு."

"அப்ப வராது. பின்னாடி போயிட்டு ஒரு புள்ளி வச்சாலும் போச்சு. முன்னாடி இருந்ததெல்லாம் அழிஞ்சிரும்."

ஒரு புள்ளிக்கு இந்தத் தண்டனையா? மறுபடி எல்லாவற்றையும் அடித்தேன். 'காணவில்லை' என்ற சொல்லை மேலே வைத்தேன், கீழே இறக்கினேன், சிவப்பாக்கினேன், மஞ்சளாக்கினேன், ஒரு நூல் இடது பக்கம் தள்ளினேன். எங்கே வைத்தாலும் சரியாக இல்லை. சாயங்காலம் சிவகாசி பிரஸ்ஸுக்கு அனுப்பினேன். ஃபைலை மூடவில்லை. எங்கள் கடை கம்ப்யூட்டரை அணைக்கிற வழக்கமும் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

மாடசாமியும் நானும் வேனில் போனோம். சாத்தூர், சங்கரன்கோவில், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வரை. பஸ் ஸ்டாண்ட், டீக்கடைச் சுவர், ஆஸ்பத்திரி எதிர்ச் சுவர். பசை வாளியை மாடசாமி தூக்கினான். மேல் விளிம்பைப் பிடிக்கத் தெரியவில்லை, சுருக்கம் விழுந்தது. கனகு பிடித்தால் சுருக்கம் விழாது.

பிப்ரவரி 6, வியாழன்

ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. ஒருவன் கடன் கேட்டான். ஒருவன் நாங்கள் என்ன ஜாதி என்று கேட்டான். திருநெல்வேலி ஜோசியர் ஒருவர், தெற்கே தேடு என்றார்.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வந்தார். விசாரிக்க வந்ததாகச் சொன்னார். நல்ல மனிதர். காபி கொடுத்து எதிரே உட்கார வைத்திருந்தபோது ஒரு ஃபோன்.

"போஸ்டர் பாத்தேன் சார். இங்க ஒருத்தர் ரெண்டு நாளா உக்காந்திருக்காரு. சட்டை நீங்க போட்டிருக்கிற மாதிரிதான். ஆனா இவருக்கு வாயில வெள்ளை விழுந்திருக்கு. ஒங்காளுக்கு அப்படி எதும் இருக்கா?"

சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க" என்றேன்.

"சரின்னா, ஒங்காளு இல்லீங்களா?"

"சரிங்க, ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் சம்பந்தி.

"வேற யாரோ" என்றேன்.

எந்த ஊர் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

அந்த நம்பருக்கு நேற்று சம்பந்தி போனதிலிருந்து அடிக்கிறேன். ஸ்விட்ச் ஆஃப்.

பிப்ரவரி 8, சனி

ஸ்விட்ச் ஆஃப்.

போஸ்டரை மாற்றி அடிப்பது என்று முடிவு செய்தேன். ராசகனியிடம் கேட்கவில்லை. ஃபைல் திறந்தபடியே இருந்தது. பொன்மொழிக்கு அடித்தேன். குழந்தை பிறந்திருக்கிறது, பெண். வாழ்த்துச் சொன்னேன். உடனே வேலையைக் கேட்டேன், வேறு என்ன செய்ய?

"லேயர ஒட்டிட்டீங்களா?" என்றாள். குரலே மாறிவிட்டது. "அது மேலயே சேவும் குடுத்துட்டீங்களா? எங்கிட்ட வேற காப்பி இல்லையே அண்ணாச்சி."

"ஃபைல மூடல."

"மூடலியா! அப்ப பின்னாடி போய்ப் பாருங்க. எதையும் தொட்டுராதீங்க. கண்ட்ரோல் இசட் மட்டும். மெதுவா."

மவுஸைத் தள்ளி வைத்தேன். ஒவ்வொரு தட்டாகத் தட்டினேன். 'காணவில்லை' ஒரு நூல் வலது பக்கம் வந்தது. மஞ்சள் சிவப்பானது. கீழே இறங்கினது மேலே போனது. சின்னதானது, பெரிதானது. அன்றைக்கு நான் பட்ட பாடெல்லாம் திரும்பி ஓடியது. நம்பர் போனது. இன்னும் கொஞ்சம், இன்னும் நாலு தட்டு, லேயர் பிரிந்துவிடும், அந்தக் கண் வந்துவிடும் என்று தட்டினேன்.

நின்றுவிட்டது.

முகம் துடைத்த முகமாகவே இருந்தது. மறுபடி தட்டினேன். நகரவில்லை.

"இத்தனை தடவைன்னு ஒரு கணக்கு உண்டு அண்ணாச்சி. அதுக்கு முன்னாடி செஞ்சத அது மறந்துரும். எழுத்த ரொம்ப நகத்துனீங்களோ?"

ஒரு சொல்லை அங்கும் இங்கும் நகர்த்தியதிலேயே அதன் ஞாபகமெல்லாம் தீர்ந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற சாமான், இதைச் சொல்லி விற்க வேண்டாமா? கீபோர்டைக் குத்தினேன். இசட் எழுத்து கழன்று மேஜைக்கடியில் போய்விட்டது. தேடி எடுத்து மாட்டினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வெள்ளையைக் கையால் வரைவது என்று உட்கார்ந்தேன். பிரஷ் எடுத்தேன், நிறம் எடுத்தேன். வாயோரத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது, அதன் உருவம் எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்த்த முகம். வாயைத் தொட்டுக்கொண்டு இருக்குமா, கொஞ்சம் தள்ளியா? நாடி வரை இறங்குமா? வைத்தேன், பின்னால் போனேன், வைத்தேன், பின்னால் போனேன்.

"இடது பக்கம்" என்றாள் ராசகனி.

"வலது. நான் பாத்தேன்ல."

"எதுத்தாப்புல நின்னு பாத்தா மாறித்தான தெரியும்."

அதற்குப் பிறகு எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

நிவேதா வந்தாள். நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து எங்கள் இருவரிடமும் பேசாதவள். "தள்ளுங்கப்பா" என்று மவுஸை வாங்கினாள். "வலது பக்கம்தான். இங்க உதட்டோரத்துல ஆரம்பிக்கும். புளியங்கொட்டை மாதிரி. அப்புறம் ஒடுங்கி இப்படி நாடி வரைக்கும் இறங்கும். சிரிச்சா ரெண்டா மடியும். இமையில பாதிதான், மூக்குப் பக்கம்."

"ஒனக்கு எப்படிடி தெரியும்?" என்றாள் ராசகனி.

"என்கிட்ட பேசும்போது சித்தப்பா துண்ட எடுத்துருவாரும்மா."

ராசகனி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

நிவேதா போன பிறகு நாடிப் பக்கம் கொஞ்சம் குறைத்தேன். போஸ்டருக்கு அவ்வளவு வேண்டாம். பார்க்கிறவனுக்கு வெள்ளை இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அடையாளம் என்ற இடத்தில் 'வாயோரம் வெண்புள்ளி' என்று சேர்த்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை முதலில் எழுத்தில் போட்டது நான்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

எஸ்.ஐ. அம்மாவிடம் புது போஸ்டரைக் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத மொத நாளே சொல்லிருக்கலாம்ல?" என்றார். மறந்துவிட்டது என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பழைய போஸ்டர்களின் மேலேயே புதியதை ஒட்டினோம். பழைய முகத்தின் மேல் பசை தடவும்போது மாடசாமி வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். ராஜபாளையத்தில் ஒட்ட ஆரம்பித்ததில் சாத்தூர் வரத்தான் நேரம் இருந்தது. மற்றது நாளைக்கு.

பிப்ரவரி 12, புதன்

தென்காசி, செங்கோட்டை. திரும்பி வரும்போது ராஜபாளையத்திலிருந்து ஃபோன். சம்பந்தி பேசவில்லை, அவர் தம்பி பேசினார். "கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்" என்றார். பாக்கி கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்கிற அதே வார்த்தை. அர்த்தம் தெரியும்.

பிப்ரவரி 13, வியாழன்

செங்கோட்டையிலிருந்து காலையில் ஃபோன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற அம்மா. "வாங்க" என்று மட்டும் சொன்னார். வேனில் போனேன்.

கடைப்பலகையில் உட்கார வைத்து டீ கொடுத்தார். குடிக்கச் சொன்னார். குடித்த பிறகுதான் பேசினார்.

"இந்த வாசல்லதான் கெடந்தாவ. யாருகிட்டயும் கையேந்தல. வெறகு ஒடச்சுக் குடுத்தாவ, பலகை ஆடுச்சு, ஆணி அடிச்சுக் குடுத்தாவ. நீங்க இருக்கியளே, இதுதான். அப்புறம் காய்ச்சல் வந்துட்டு. ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னா கேக்கல. திங்கக்கிழம விடியக்காலம் கடை தொறக்க வாரேன், எந்திரிக்கல."

நான் பலகையைப் பார்த்தேன். ஆணி மண்டை வெளியே தெரியாமல் அமிழ்ந்திருந்தது. அவன் அடிக்கிற விதம்.

"ஒங்க போஸ்டரு அந்தச் செவத்துலதான் இருந்துச்சு. அவிய தலைக்கு நேர் மேல. நாங்கூட கேட்டேன், அண்ணாச்சி, இந்தப் படம் ஒங்க சாடையில இருக்கே, கூடப்பொறந்தவியளான்னு. எந்திரிச்சுக் கிட்டக்கப் போய்ப் பாத்தாவ. துண்ட எடுக்காமலே ரொம்ப நேரம் பாத்தாவ. 'இது நான் இல்லம்மா'ன்னாவ. 'இவன் வேற ஆளு. அவங்களுக்கு இவன்தான் வேணும்'னாவ."

மாடசாமி எழுந்து வேன் பக்கம் போய்விட்டான்.

"டீ குடிக்க வந்த ஒருத்தரு ஒங்களுக்கு ஃபோனு போட்டாரே. எங்காளு இல்லன்னுட்டியளாமே?"

நான் அப்படிச் சொல்லவில்லை. சரிங்க என்றுதான் சொன்னேன். அதை அந்த அம்மாவிடம் விளக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏட்டு ஒருவர் கூட வந்தார். "மொத போஸ்டரோட ஒத்துப் பாத்தோம் சார். இவருக்கு வாயில வெள்ளை, படத்துல இல்ல. அதான் விட்டுட்டோம்" என்றார். துணியை விலக்கினார்கள்.

நிவேதா சொன்னதுதான் சரி. நாடி வரைக்கும் இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

எரித்துவிட்டு வந்தோம். எனக்கு ஃபோட்டோ அனுப்பும்படி ஏட்டிடம் சொல்லியிருந்தேன். வந்திருக்கிறது.

பிப்ரவரி 15, சனி

கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும். ஊரில் எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ராசகனி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்தப் போட்டோ?"

"ஆஸ்பத்திரியில எடுத்தது."

எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். "கண்ணு மூடியிருக்குமே" என்றாள்.

எங்கள் தொழிலில் இது உண்டு. உயிரோடு எடுத்த படம் இல்லாதவர்களுக்கு, இறந்த பிறகு எடுத்த முகத்தில் கண்ணைத் திறந்து கொடுப்போம். பொன்மொழி கைதேர்ந்தவள். கேட்கவே கூச்சமாக இருந்தது, பச்சைக் குழந்தைக்காரி. அவளே ஃபோன் செய்தாள். "லேப்டாப் இருக்கு. அனுப்புங்க அண்ணாச்சி."

சாயங்காலம் ஃபைல் திரும்பி வந்தது. கூடவே ஃபோன்.

"கண்ணு மட்டும்தான் தொறந்திருக்கேன். முகத்துல கையே வைக்கல. கண்ணு தனி லேயர்ல இருக்கு. கீழ உள்ளத ஒட்டிராதீங்க. தயவுசெஞ்சு மேல சேவ் குடுத்துராதீங்க."

"குடுக்கல."

"அந்தப் பேனர்ல நான் தொடச்சிருக்கக் கூடாது அண்ணாச்சி."

"நீ என்ன பண்ணுவ? நாங்க சொன்னோம்" என்றேன். அவள் அழுதாள். குழந்தையும் அழுதது. வைத்துவிட்டேன்.

ஃபைலைத் திறந்தேன். துடைக்கிற பிரஷ் ஏற்கெனவே எடுத்தபடி இருந்திருக்கிறது. நாடிக்கு மேல் கை தானாக ஒரு தடவை போய்விட்டது, பழக்கம். ஒரு இழுப்பில் பாதி வெள்ளை போனது. கண்ட்ரோல் இசட் தட்டினேன். வந்தது. மவுஸைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஹெட் இன்னும் வரவில்லை. விருதுநகரில் தெரிந்தவர் பிரஸ்ஸில் கொடுத்து, அடித்து முடிக்கும் வரை மெஷின் பக்கத்திலேயே நின்றேன். ஓட்டுகிறவர் எனக்குப் பழக்கமில்லாத ஆள். கனகுவையும் பார்த்ததில்லை. மேலிருந்து எழுத்து இறங்கியது, நெற்றி இறங்கியது, கண் இறங்கியது. வாய் வரும்போது அவர் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, வாயோரத்துல வெள்ளை விழுது. ஹெட் அடைச்சிருக்கு. இத வெட்டிப் போட்டுட்டு, தொடச்சு மொதல்லருந்து ஓட்டித் தாரேன்."

துணியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"ஹெட் நல்லாத்தான் இருக்கு. ஓட்டுங்க."

"அப்ப இது என்ன அண்ணாச்சி?"

"அது என் தம்பி."

மெஷின் மறுபடி ஓடியது. நாடி வந்தது, கழுத்து வந்தது. பிறகு நீலக் கோடு போட்ட சட்டை வந்தது.